சிகரெட்டுக்கு ஒரு வரி, பீடிக்கு ஒரு வரி: இளையோரைக் காக்கத் தவறும் கொள்கை

2025 செப்டம்பர் 3 அன்று டெல்லியில் கூடிய 56ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் நூற்றுக்கணக்கான பொருள்களின் வரியை மாற்றியமைத்தது. சிகரெட்டையும் மெல்லும் புகையிலையையும் 40 விழுக்காடு என்ற மிக உயர்ந்த அடுக்கில் வைத்த அதே கூட்டம், பீடியின் வரியை 28இலிருந்து 18 விழுக்காடாகவும், பீடி இலையின் வரியை 18இலிருந்து 5 விழுக்காடாகவும் குறைத்தது. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டின் மேல் 40 விழுக்காட்டு ஜிஎஸ்டியோடு, நீளத்தைப் பொறுத்து ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரையிலான கலால் வரியும் சேர்ந்துகொண்டது. பீடிக்கு 18 விழுக்காடுதான். தொலைக்காட்சிப் பெட்டியும் ஏசியும் இருக்கும் அடுக்கு அது.

இரண்டுமே எரித்துப் புகைக்கும் புகையிலை. இரண்டுமே புற்றுநோயையும் மாரடைப்பையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருபவை. ஒன்றைக் கொடிய பொருளாகவும் மற்றதைச் சாதாரண நுகர்பொருளாகவும் வரிச்சட்டம் பார்க்கும்போது, அந்த வேறுபாட்டால் யாருக்கு என்ன நேர்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'வரியை உயர்த்தினால் இளையோர் புகைப்பது குறையுமா?' என்ற பழைய விவாதத்துக்கு உலக அளவில் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. இந்தியாவில் இன்று எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: மலிவான வழி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு மற்ற வழிகளை மட்டும் அடைத்தால், எந்த வீட்டுப் பிள்ளைகளை நாம் காக்கிறோம், எந்த வீட்டுப் பிள்ளைகளைக் கைவிடுகிறோம்?

விலை ஏறினால் என்ன ஆகிறது

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011இல் புகையிலை வரி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஒரு கையேடு வெளியிட்டது. புகையிலைப் பொருளின் விலை 10 விழுக்காடு ஏறினால், பணக்கார நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 4 விழுக்காடு குறைகிறது. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் இன்றும் பயன்படுத்தும் கணக்கு. இளையோரிடம் இந்த விளைவு பெரியவர்களைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் எளியது. இளையோர் கையில் பணம் குறைவு. பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. கூட இருக்கும் நண்பர்கள் நிறுத்தினால் தானும் நிறுத்திவிடும் வயது அது.

பிரான்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990 முதல் 2005 வரை அந்நாடு சிகரெட்டின் விலையைப் பணவீக்கம் நீக்கிய கணக்கிலேயே மூன்று மடங்காக்கியது. அதே காலத்தில் ஒரு வயதுவந்தவர் புகைக்கும் சராசரி சிகரெட் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அரசின் வரி வருவாயோ உயர்ந்தது. 1990களின் நடுவிலிருந்து வரியை விடாமல் உயர்த்திய தென்னாப்பிரிக்காவிலும் இதேதான் நடந்தது. பொது சுகாதார ஆய்வாளர்கள் பிரபாத் ஜாவும் ரிச்சர்ட் பீட்டோவும் 2014இல் எழுதிய கட்டுரை, உலகெங்கும் சிகரெட் விலையை இப்படி மூன்று மடங்காக்கினால் இந்த நூற்றாண்டில் 20 கோடி அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று மதிப்பிட்டது.

சிகரெட் நிறுவனங்களுக்கு இது முன்பே தெரியும். அமெரிக்காவில் 1990களின் இறுதியில் நடந்த வழக்குகளின் விளைவாக, அந்நிறுவனங்களின் லட்சக்கணக்கான உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தன. ஃபிலிப் மாரிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 1987இல் எழுதிய குறிப்பு அவற்றில் ஒன்று. 1982–83இல் ஏறிய விலையால் 20 லட்சம் பெரியவர்கள் புகைப்பதை விட்டார்கள். 6 லட்சம் பதின்ம வயதினர் தொடங்காமலேயே போனார்கள் என்று அது கணக்கிடுகிறது. தன் நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பாகவே அதை அவர் பதிவு செய்திருக்கிறார். வரியின் வலிமைக்கு, அதை எதிர்த்துப் போராடியவர்களே எழுதிவைத்த இதைவிட நம்பத்தகுந்த சான்று தேவையில்லை.

தொடக்கமா, தொடர்ச்சியா?

ஆனாலும் ஆய்வாளர்களிடையே நேர்மையான கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது முறையல்ல. டீசிக்கா, கென்கல், மதியோஸ் என்ற மூன்று அமெரிக்கப் பொருளியலாளர்கள், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே மாணவர்களைத் தொடர்ந்து கண்காணித்த தரவுகளைக் கொண்டு 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகைக்கத் தொடங்குவதை வரி பெரிதாகத் தடுக்கவில்லை என்பது அவர்களின் முடிவு. அதற்கு ஓராண்டு முன்பு எமரி, ஒயிட், பியர்ஸ் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. விளையாட்டாக முயன்று பார்ப்பவர்களை விலை தடுப்பதில்லை. வழக்கமாகப் புகைக்கும் நிலைக்குப் போய்விட்ட பதின்ம வயதினரை மட்டுமே அது பாதிக்கிறது என்று அது காட்டியது.

இதில் வியப்பில்லை. முதல் சிகரெட்டை யாரும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நண்பன் நீட்டுகிறான், அண்ணனின் பையிலிருந்து எடுக்கிறார்கள், பெரியவர் அணைத்துப் போட்டதை எடுத்துப் பார்க்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு வரியால் தடையில்லை. இரண்டாவது மாதம், மூன்றாவது மாதம், சொந்தக் காசில் வாங்கவேண்டிய கட்டம் வரும்போதுதான் விலை குறுக்கே நிற்கிறது. முயன்று பார்ப்பதற்கும் அடிமையாவதற்கும் இடையிலான அந்தக் குறுகிய காலத்தில்தான் வரி தன் வேலையைச் செய்கிறது. ஆகவே அந்த மாற்று ஆய்வுகள் வரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைக் காட்டுகின்றன.

இந்தியாவில் அந்தக் கட்டம் மிகச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவர்களிடம் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 8.5 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2003இல் இந்த அளவு 16.9 விழுக்காடு. இடையில் வந்த சட்டங்களும் எச்சரிக்கைப் படங்களும் விழிப்புணர்வும் வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி நம்மை உலுக்க வேண்டும். சிகரெட் புகைத்த மாணவர்கள் அதைத் தொடங்கிய இடைநிலை வயது 11.5, பீடி புகைத்தவர்களுக்கு 10.5. பீடி புகைத்த மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். நம் பிள்ளைகள் சிகரெட்டுக்கு முன்னால் சந்திப்பது பீடியை.

சில்லறை விற்பனையின் கணக்கு

பெட்டிக்கடையில் சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்குபவர்கள் குறைவு. 2016–17இல் நடந்த இரண்டாவது உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், இந்தியாவில் சிகரெட் புகைப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைச் சில்லறையாகவே வாங்கியது தெரிந்தது. ஒவ்வொன்றாக வாங்கும்போது, 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டை நிரப்பியிருக்கும் எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. வரி உயர்வும் பாக்கெட்டுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் என்று கண்ணில் அறையாமல், ஒரு சிகரெட்டுக்கு இரண்டு மூன்று ரூபாயாகச் சிதறிப்போகிறது. பள்ளி மாணவனின் சட்டைப் பையில் பாக்கெட்டுக்கான பணம் இருக்காது. ஒற்றைச் சிகரெட்டுக்கான பணம் இருக்கும்.

2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதைத் தடை செய்கிறது. கல்வி நிறுவனங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. இந்த இரண்டு விதிகளும் எத்தனை பள்ளி வாசல்களில் நடைமுறையில் இருக்கின்றன என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம். கர்நாடகம் 2024இல் இச்சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, வாங்கும் வயதை 21ஆக உயர்த்தியதோடு சில்லறை விற்பனையையும் தடை செய்தது. 2025இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. வரியும் சில்லறைத் தடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று இல்லாமல் மற்றொன்றின் பலன் பாதிதான்.

பீடி என்னும் மாற்றுவழி

இந்தியாவின் புகையிலை விவாதம் பெரும்பாலும் சிகரெட்டைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் 2016–17 ஆய்வின்படி வயதுவந்தோரில் சிகரெட் புகைப்பவர்கள் 4 விழுக்காடு. பீடி புகைப்பவர்கள் 7.7 விழுக்காடு. நாட்டில் அதிகம் பேர் புகைப்பது பீடியைத்தான். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருப்பவர்கள், உடலுழைப்பால் வாழ்பவர்கள், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள்.

பீடியின் மேல் வரி என்றைக்குமே பெயரளவில்தான் இருந்தது. ஜிஎஸ்டிக்கு முன் ஒரு பீடியின் மேல் விழுந்த கலால் வரி சில காசுகள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 விழுக்காட்டோடு இழப்பீட்டு மேல்வரியும் விதிக்கப்பட்டது. பீடிக்கு அந்த மேல்வரி இல்லை. ஜிஎஸ்டியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 28 விழுக்காடு வரி என்பது சில்லறை விலையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. வரி 18ஆகக் குறையும்போது இந்தப் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடாகச் சரிகிறது. விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிகரெட்டே அந்த அளவைத் தொடாத நாட்டில், பீடி எதிர்த்திசையில் நகர்த்தப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு நிறுவனங்கள் ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் இயங்கலாம். சிறு அலகுகளாகப் பிரிந்து கிடக்கும் பீடித் தொழிலுக்கு இது கூடுதல் சலுகை.

பீடி இயற்கையானது, இலையில் சுற்றியது, சிகரெட்டைப் போல் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பீடி இலையில் காற்று எளிதாகப் புகுவதில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடலுக்குள் தாராளமாகப் போகின்றன. பிரபாத் ஜாவும் இந்திய ஆய்வாளர்களும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டு. சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டு. பீடியில் சிகரெட்டைவிடப் புகையிலை மிகக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 6 ஆண்டின் கொடுமை விளங்கும்.

பொருளியலாளர் ரிஜோ ஜான் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பீடியால் வரும் நோய்களாலும் மரணங்களாலும் நாட்டுக்கு 2017இல் ஏற்பட்ட பொருளாதார இழப்பு 80,550 கோடி ரூபாய். பீடியிலிருந்து அரசுக்குக் கிடைத்த ஆண்டு வரி வருவாய் 417 கோடி. இழப்பின் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐம்பது காசு! மீதி 99 ரூபாய் 50 காசைச் சுமப்பவை அரசு மருத்துவமனையின் வரிசையும், அடகுக்குப் போன நகையும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் எதிர்காலமும்தான்.

சிகரெட்டின் விலை மட்டும் ஏறும்போது, நகரத்து நடுத்தர வர்க்கத்து இளைஞன் நிறுத்திவிட வாய்ப்புண்டு. கட்டட வேலைக்கோ பட்டறைக்கோ போகும் இளைஞன் சிகரெட்டிலிருந்து பீடிக்கு இறங்கிக்கொள்ளலாம். பத்து வயதுச் சிறுவனுக்கோ பீடி எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வரியின் பாதுகாப்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மறுக்கப்படுகிறது. ஏழைகளின் பொருள் என்பதால் காட்டப்படும் இந்தச் சலுகை ஏழைகளுக்குச் செய்யும் உதவி ஆகாது.

மூன்று மறுப்புகள்

வரியை உயர்த்தக் கூடாது என்போர் முதலில் சொல்வது கடத்தல். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சிகரெட் வரியை உலகிலேயே மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுபோன ஆஸ்திரேலியாவில் கள்ளச் சந்தை பெருகிவிட்டது. 2019–20இல் 1,600 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிய புகையிலை வரி வருவாய் அதன்பின் வேகமாகச் சரிந்தது. கள்ளச் சந்தையைப் பிடிக்கப் போட்டியிடும் கும்பல்கள் மெல்பர்னில் கடைகளுக்குத் தீ வைக்கின்றன. காவலும் சுங்கமும் உறங்கினால் வரி மட்டும் வேலை செய்யாது என்பதை அந்நாடு காட்டுகிறது. பிரிட்டன் வேறு பாடம் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே விற்ற சிகரெட்டில் ஐந்தில் ஒன்று கடத்தல் சரக்கு. வரியைக் குறைக்காமலேயே, சுங்கத் துறையை வலுப்படுத்தி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பங்கை அந்நாடு பாதியாகக் குறைத்தது.

இந்தியா ஆஸ்திரேலியாவின் வரி அளவுக்கு அருகில்கூட இல்லை. இங்கே விற்கும் சிகரெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சட்டவிரோதமானது என்று தொழில் தரப்பு சொல்லிவருகிறது. ரிஜோ ஜானும் ஹானா ராஸும் இந்திய நகரங்களின் சில்லறைக் கடைகளில் காலிப் பாக்கெட்டுகளைச் சேகரித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. பீடியைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கே இடமில்லை. உள்நாட்டிலேயே சுற்றி உள்நாட்டிலேயே விற்கும் பொருள் அது.

இரண்டாவது மறுப்பு, வரி ஏழைகளைத்தான் வதைக்கும் என்பது. விட முடியாதவருக்கு வரி சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விலை ஏறும்போது அதிகம் பேர் குறைத்துக்கொள்வதும் விடுவதும் ஏழைகளிடையேதான். வரியைக் கூட்டும் அரசு, விட விரும்புபவருக்கு ஆலோசனையும் மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகத் தர வேண்டும். அது அரசின் கடமை. வரியின் ஒரு பகுதி அதற்கே போக வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: பீடி சுற்றும் பெண்கள்.

சுளகின் முன் குனிந்திருப்பவர்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று ஊர் ஊராக, வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டிப் பீடி சுற்றும் பெண்களின் கூலியில் குடும்பங்கள் நடக்கின்றன. வேலூர் வட்டாரத்திலும் அப்படியே. மங்களூரிலும் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதே காட்சி. நாடு முழுவதும் பதிவு செய்த பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்பது அரசின் கணக்கு; பெரும்பாலோர் பெண்கள். பீடி வரி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவர்கள் பெயரால்தான் அது அடக்கப்படுகிறது.

இவர்களுடைய வாழ்க்கையை இந்தச் சலுகை உயர்த்தியிருக்கிறதா? கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொடுக்கும் இலை மோசமாக இருந்தால் குறையும் பீடிக்குச் சுற்றுபவரே பொறுப்பு. கழிவு என்று தள்ளும் பீடிக்குக் கூலி இல்லை. தூள் நெடியில் இருமலும், நாள் முழுதும் குனிந்திருப்பதால் முதுகுவலியும், கண் எரிச்சலும் இவர்களின் அன்றாடம். குறைந்த வரியால் மிஞ்சும் பணம் இவர்கள் கைக்கு வந்ததில்லை.

இவர்களுக்கென்று ஒரு வரி இருந்தது. 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல மேல்வரிச் சட்டப்படி, பீடி உற்பத்தியின் மேல் விதித்த ஒரு சிறு தொகை நல நிதிக்குப் போனது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மருத்துவமனைகளும் வீட்டு மானியமும் அந்த நிதியில் நடந்தன. 2017இல் ஜிஎஸ்டிக்காக அந்த மேல்வரி ஒழிக்கப்பட்டது. நலத்திட்டங்கள் அன்றிலிருந்து மத்திய பட்ஜெட்டின் தயவில் நிற்கின்றன. பீடித் தொழிலாளர்களின் பெயரால் பீடிக்குச் சலுகை தரும் அரசு, அவர்களுக்கு உரிமையாக இருந்த ஒரே வரியை எடுத்துவிட்டது. அவர்கள்மேல் உண்மையான அக்கறை இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வரியை உயர்த்திக்கொண்டே, புகையிலையை நம்பி வாழ்பவர்களையும் காக்க முடியும் என்று செய்து காட்டிய நாடு ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2012இல் புகையிலை, மது வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. மலிவான சிகரெட்டுக்கும் விலையுயர்ந்த சிகரெட்டுக்கும் தனித்தனி விகிதங்கள் இருந்ததை ஐந்தாண்டுகளில் ஒரே விகிதமாக்கியது. மலிவானதற்குத் தாவும் வழி அடைபட்டது. கூடுதலாக வந்த வருவாயில் ஒரு பகுதி, புகையிலை பயிரிடும் மாகாணங்களின் விவசாயிகளுக்கு மாற்று வாழ்வாதாரத்துக்கென ஒதுக்கப்பட்டது. மீதியில் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் போனது. 2009இல் வயதுவந்தோரில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த புகையிலைப் பயனாளர்கள் 2015இல் 24 விழுக்காட்டுக்குள் வந்தார்கள். 2021இல் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனார்கள். புகையிலை நிறுவனங்களின் செல்வாக்கு மிகுந்த நாடு அது. அங்கே முடிந்தது இங்கே முடியாதென்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

செய்ய வேண்டியவை

எரித்துப் புகைக்கும் புகையிலைக்கெல்லாம் ஒரே கொள்கை வேண்டும். பீடியை 40 விழுக்காட்டு அடுக்குக்குக் கொண்டுவந்து, அதன்மேல் எண்ணிக்கை அடிப்படையிலான கலால் வரியையும் படிப்படியாக விதிக்க வேண்டும். அந்த வரி ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கும் கூலி உயர்வுக்கும் மேலே ஏற வேண்டும். 2017க்குப் பிறகு சிகரெட்டின் மேல் 2020, 2023 பட்ஜெட்டுகளில் வந்த சிறு உயர்வுகளைத் தவிர வேறு எதுவும் வராமல் பல ஆண்டுகள் கழிந்ததுபோல் இனி கழியக் கூடாது. கூடுதல் வருவாயில் ஒரு பங்கைப் பீடி சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கும் ஓய்வூதியத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். கர்நாடகத்தைப் போல் தமிழ்நாடும் சில்லறை விற்பனையைத் தடை செய்து, பள்ளிகளைச் சுற்றிய நூறு கஜ விதியை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் உண்மையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புகையிலை கொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதிலேயே அதைத் தொட்டவர்கள். ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் குரல் உண்டு. பீடித் தொழிலாளர் மிகுந்த மாநிலம் என்பதாலேயே, 'எங்கள் பெண்களுக்கு மாற்று வாழ்வும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் சேர்த்துத் தாருங்கள்' என்று கேட்கும் தகுதி இந்த மாநிலத்துக்கே முதலில் உண்டு. அடுத்த கூட்டத்திலேயே அந்தக் குரல் எழ வேண்டும்.